பாசன உபகரணங்கள் கெடுவது கொட்டகையிலா, அதற்கு முன்பேயா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சின்னத் தோட்டம், பாதிக்குச் சொட்டுநீர், மீதிக்குத் தெளிப்பான். பயிர் முடிந்ததும் குழாய்களைச் சுருட்டி, ஃபில்டர், டீசல் பம்ப், தெளிப்பான் தலைகள் எல்லாவற்றையும் தகரக் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிடுகிறீர்கள். மூன்று நான்கு மாதம் கழித்துத் திறந்தால் டிரிப்பர்களில் (தண்ணீரைச் சொட்டாக விடும் வாய்கள்) பாதி அடைத்திருக்கின்றன, குழாயை எலி கடித்திருக்கிறது, வாஷர்கள் வெடித்திருக்கின்றன, பம்ப் சுற்ற மறுக்கிறது. இன்னும் நல்ல கொட்டகை கட்டினால் சரியாகுமா, அடைத்துப்போன குழாய்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்பவை உங்கள் இரண்டு கேள்விகள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: வேலையே செய்யாமல் சும்மா கிடக்கிற பொருள் ஏன் கெடுகிறது? அதற்குப் பதில் தெரிந்தால் மற்ற இரண்டுக்கும் பதில் தானாக வரும்.

சிறு விவசாயிகளின் பாசன அமைப்புகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் பல வருடங்களாக என் வேலை. அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்: சும்மா கிடந்து கெட்டது என்று என்னிடம் வருகிற பொருட்களில் பெரும்பாலானவை தண்ணீர், உப்பு, உரம், சேறு இவற்றை உள்ளே வைத்துக்கொண்டே கொட்டகைக்குப் போனவை. அதனால் கொட்டகையை இரண்டாவதாக யோசியுங்கள். கடைசிப் பாசனம் முடிந்த அன்றே பராமரிப்பு தொடங்கியாக வேண்டும். குழாயைப் பிடுங்கிச் சுருட்டிய பிறகு உள்ளே இருப்பதை வெளியேற்றுவது கடினம்.

டிரிப்பருக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 16 மில்லிமீட்டர் பக்கக் குழாய், அதாவது பயிர் வரிசையோடு போகிற டிரிப்பர் குழாய், 100 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 15 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு கரைந்த சாதாரணக் கிணற்றுத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரே வரிசைக்குள் ஏழரை கிராம் உப்பு நிற்கிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு ஆவியாகாது. தண்ணீர் வெளியேறக் கிடைக்கிற வழியே டிரிப்பரின் வாய்தான். எனவே கடைசித் துளிகள் காய்கிற இடமும் உப்பு படிகிற இடமும் அதுவே. அந்தப் பாதையின் அகலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர், அல்லது அதற்கும் குறைவு. கூடவே வண்டலும் இருக்கிறது. நாம் வழக்கமாகப் போடுகிற 120 மெஷ் ஃபில்டர் 130 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை உள்ள துகளை உள்ளே விடும். களிமண் துகள் 2 மைக்ரானுக்கும் கீழே. அது தாராளமாகக் கடந்து போய், ஓட்டம் மெதுவாகிற கடைக்கோடியில் படிந்துவிடும். ஈரமாக இருக்கும்வரை அலசினால் போய்விடும் அந்தச் சேறு, காய்ந்து உப்போடு சேர்ந்து இறுகிவிட்டால் லேசில் வராது.

ஆகவே முதல் வேலை அலசுவது. உர நீர் கொடுத்திருந்தால் அதை நிறுத்தி, வெறும் தண்ணீரைக் குறைந்தது அரை மணி நேரம் ஓட விடுங்கள். அப்புறம் மெயின் குழாயின் கடைசி வால்வைத் திறந்து அலசி, அடுத்து அதிலிருந்து பிரிகிற சப் மெயின், அதற்கும் அடுத்து பக்கக் குழாய்களின் முனையை மூடும் எண்ட் கேப் என்று பெரியதிலிருந்து சின்னதுக்குப் போங்கள். வரிசை மாறினால் மெயினில் இருக்கிற அழுக்கை நீங்களே பக்கக் குழாய்க்குள் தள்ளுகிறீர்கள். இங்கே பலரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. எல்லா எண்ட் கேப்பையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் வரும், ஆனால் வேகம் இருக்காது. சேற்றைத் தூக்கிக்கொண்டு போக நொடிக்குச் சுமார் 0.3 மீட்டர் வேகம் வேண்டும். 16 மில்லிமீட்டர் குழாயில் அது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3 லிட்டர். ஒரு வாளியை வைத்து ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். அதற்குக் குறைவாக வந்தால் திறந்திருக்கிற வரிசைகளில் சிலவற்றை மூடுங்கள். கண்ணாடி பாட்டிலில் பிடித்த தண்ணீர் தெளிவாகிற வரை ஓடட்டும். எல்லாம் முடிந்ததும் மீண்டும் மூடிவிடாமல், தாழ்வான முனையைத் திறந்து வைத்துக் குழாயை முழுதாக வடிய விடுங்கள்.

அலசியும் டிரிப்பரில் அடைப்பு மிஞ்சியிருந்தால், ஒன்றிரண்டை அறுத்துப் பாருங்கள். மருந்து தேடுவதற்கு முன் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளையாக, கரகரவென்று இருந்து, ஒரு சொட்டு வினிகரோ ஆசிடோ விட்டதும் நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவு, ஆசிடுக்குக் கரையும். செம்பழுப்பாக இருந்தால் இரும்பு. வழவழப்பாக, கையில் ஒட்டினால் பாசி அல்லது பாக்டீரியா, அதற்குக் குளோரின்தான் வழி. மணலும் களிமண்ணும்தான் இருக்கின்றன என்றால் ஆசிடும் உதவாது, குளோரினும் உதவாது. பாசி அடைப்புக்கு ஆசிட் ஊற்றியவர்களையும், மண் அடைப்புக்குக் குளோரின் விட்டவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் போனதோடு, அடைப்பும் அப்படியே இருந்தது.

ஆசிட் எவ்வளவு என்று கேட்பீர்கள். உங்கள் தண்ணீரைப் பார்க்காமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். தண்ணீரின் காரத்தன்மையைப் பொறுத்து அளவு பல மடங்கு மாறும். ஆனால் கண்டுபிடிக்கிற வழி எளிது. உங்கள் கிணற்றுத் தண்ணீரை 10 லிட்டர் வாளியில் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிடைச் சில மில்லிலிட்டராகச் சேர்த்துக் கலக்கி, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்) காட்டும் தாளால் பார்த்துக்கொண்டே வாருங்கள். வழக்கமான சுத்தத்துக்கு பிஎச் 4 வரை இறங்கினால் போதும், மோசமான படிவுக்கு 2 வரை இறக்குவது உண்டு. அந்த விகிதத்தை உங்கள் ஓட்டத்துக்குக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கடைசி டிரிப்பரில் வருகிற தண்ணீரிலும் அந்த பிஎச் வந்துவிட்டதா என்று தாளை வைத்துச் சோதித்த பிறகு பம்பை நிறுத்தி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊற விட்டு, மேலே சொன்ன வேகத்தில் அலசுங்கள். தண்ணீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். பித்தளை, அலுமினியம், துத்தநாகம் பூசிய இரும்பு ஆகியவற்றை ஆசிட் அரிக்கும் என்பதால் அவற்றைத் தாண்டிய இடத்தில் செலுத்துங்கள். அழுத்த ஈடு செய்கிற வகை, அதாவது குழாயில் அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு சொட்டுகிற டிரிப்பர்களுக்குள் ரப்பர் சவ்வு இருக்கும். அவற்றுக்கு ஆசிட், குளோரின் இரண்டிலும் தயாரிப்பாளர் சொன்ன வரம்பைத் தாண்டாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆசிடும் குளோரினும் ஒன்றோடொன்று சேர்ந்தால் விஷமான குளோரின் வாயு கிளம்பும். ஒரே நாளில் இரண்டையும் செய்யாதீர்கள். ஒரே டேங்கை, ஒரே கப்பை இரண்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். கொட்டகையிலும் இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள். பிளீச்சிங் பவுடரை டீசல், எண்ணெய், உர மூட்டை பக்கத்தில் வைப்பதும் தீ விபத்துக்கு இடம் கொடுப்பதுதான். சொட்டுநீருக்குப் பிளீச்சிங் பவுடரைவிடத் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட் மேல். பவுடரில் கரையாத சுண்ணாம்பு நிறைய இருக்கிறது, அடைப்பை எடுக்கப் போய் அடைப்பைச் சேர்த்துவிடும்.

சரி, குழாயைச் சுருட்ட வேண்டுமா? உழவுக்கும் அடுத்த பயிரின் பாருக்கும் இடைஞ்சல் என்றால் சுருட்டித்தான் ஆக வேண்டும். இடைஞ்சல் இல்லாத இடத்தில், குறிப்பாக மர வரிசைகளில், தடித்த சுவருள்ள குழாயை அங்கேயே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. நல்ல பாலிஎத்திலீன் குழாயில் கரித்தூள் கலந்திருக்கும், அது வெயிலை வருடக்கணக்கில் தாங்கும். இழுக்கும்போது ஏற்படுகிற மடிப்பும் சிராய்ப்பும், பிடுங்கி வருகிற இணைப்புகளும் வெயிலைவிட அதிகச் சேதம் செய்கின்றன. ஆனால் அப்படி விடுகிற குழாயில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஓட்டி, கடைமுனையைத் திறந்து அலச வேண்டும். அதற்கும் வழியில்லாத வறண்ட காலம் என்றால் முழுதாக வடித்துவிட்டு முனையைச் சன்னமான வலையால் கட்டி வையுங்கள், எறும்பும் பூச்சியும் புகாது.

சுருட்டுவதாக இருந்தால் மதிய வெயிலில் வேண்டாம். சூட்டில் குழாய் இளகியிருக்கும், இழுத்தால் நீண்டுவிடும், மடித்தால் மடிப்பு நின்றுவிடும். விடியற்காலைக் குளிரில் அது விறைப்பாக இருக்கும். காலை வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு செய்வது நல்லது. தரையில் இழுக்காமல் ஒருவர் தூக்கிக் கொடுக்க, இன்னொருவர் அகலமான வளையமாகச் சுற்றட்டும். பழைய சைக்கிள் டயர் அளவுக்குக் குறையாத வளையமாக இருந்தால் மடிப்பு விழாது. கம்பி போட்டுக் கட்டாதீர்கள், துணி நாடா அல்லது பழைய டியூப் துண்டு போதும். ஒவ்வொரு சுருளிலும் எந்த வயல், எத்தனையாவது வரிசை, எவ்வளவு நீளம், டிரிப்பர் இடைவெளி எவ்வளவு என்று எழுதிய அட்டையைத் தொங்க விடுங்கள். அட்டை இல்லாவிட்டால் அடுத்த பருவத்தில் நீளம் சரியாக இல்லாத குழாயை அறுத்து, ஒட்டி, அறுத்து, ஒட்டி, ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு கசிவை உண்டாக்குவீர்கள். மெல்லிய டேப் வகைக் குழாய்க்கு இவ்வளவு மெனக்கெடலாமா என்பது அதன் சுவர்த் தடிமனைப் பொறுத்தது. ஒரு பருவத்துக்கென்றே செய்த டேப்பைச் சுருட்டிக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் கூலியை இழந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

எலி விஷயத்தில் உறுதியானது எது, சந்தேகத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்கிறேன். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்கின்றன, அதனால் அது எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். இது உறுதி. மறைவிடம் இருந்தால் கூடு கட்டும், சுருட்டிய குழாய்க் குவியல் அதற்கு அருமையான மறைவிடம். இதுவும் உறுதி. எனவே சுருள்களைத் தரையில் குவிக்காமல் மேலே, சுவரிலிருந்து ஓரளவு தள்ளித் தொங்க விடுவது, கீழே பெருக்கி வெறுமையாக வைத்திருப்பது, தானியத்தையும் தீவனத்தையும் அதே கொட்டகையில் வைக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் பலன் தரும். தொங்க விடும்போது ஆணியிலோ கம்பியிலோ மாட்டாதீர்கள். சுருளின் எடை ஒரே புள்ளியில் விழுந்தால், தகரக் கொட்டகையின் சூட்டில் குழாய் அந்த இடத்தில் நசுங்கிவிடும். தடித்த மூங்கிலோ, அகலமான பிவிசி குழாய்த் துண்டோ தாங்கியாக இருக்கட்டும். மற்றபடி வாசனை விரட்டி, ஒலி எழுப்பும் கருவி, குழாயில் பூசுகிற கசப்புப் பொருள் இவையெல்லாம் ஓர் இடத்தில் பலித்ததாகச் சொல்வார்கள், அடுத்த தோட்டத்தில் பலிக்காது. இவற்றை நம்பி மற்ற ஏற்பாடுகளைத் தளர்த்த வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

கறுப்புக் குழாய்க்கு வெயில் பெரிய எதிரி அல்ல என்றேன். பிவிசிக்கு அப்படி இல்லை. வெயிலில் கிடக்கிற பிவிசி நிறம் மாறி, மேல்பரப்பு மாவு போல ஆகி, அடி தாங்கும் வலுவை இழந்துவிடும். அழுத்தம் தாங்கும், ஆனால் மண்வெட்டி லேசாகப் பட்டாலே சிதறும். மண்ணுக்கு மேலே நிற்கிற துண்டுகளுக்கெல்லாம் தண்ணீர் கலந்து அடிக்கிற வெள்ளைப் பெயிண்ட் ஒரு பூச்சு கொடுங்கள். உதிரி பிவிசி நீளங்களை நிழலில், பல தாங்கிகள் மேல் நேராகப் படுக்க வையுங்கள். இரண்டு முனையில் மட்டும் தாங்கினால் நடுவில் வளைந்து அப்படியே நின்றுவிடும்.

ஃபில்டரும் வால்வும் வாஷரும் சின்னவை, ஆனால் அடுத்த பருவத்தின் முதல் நாளைக் கெடுப்பவை பெரும்பாலும் இவைதான். ஸ்கிரீன் ஃபில்டரின் வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓட்டையோ கிழிசலோ இருந்தால் அது ஃபில்டரே இல்லை, மாற்றிவிடுங்கள். டிஸ்க் ஃபில்டரின் தட்டுகளைக் கம்பியில் கோத்து, தளர்வாக ஆட்டி, மென்மையான தூரிகையால் கழுவுங்கள். சுண்ணாம்பு இருந்தால் மெல்லிய ஆசிடில் ஊற விடலாம். மணல் ஃபில்டரைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை எதிர்த்திசையில் அலசி, அடி வால்வைத் திறந்து முழுதாக வடித்துவிடுங்கள். ஈரத்தோடு மூடி வைத்தால் மணல் கட்டி தட்டி, அடுத்த முறை தண்ணீர் அதில் ஒரே பாதை பிடித்து ஓடும், வடிகட்டாது. உரத்தை உறிஞ்சிக் குழாய்க்குள் விடும் வென்சுரியையும் உர டேங்கையும் தண்ணீரால் பலமுறை கழுவுங்கள். பிரஷர் கேஜைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். அழுத்தம் இல்லாதபோது முள் பூச்சியத்துக்குத் திரும்பாவிட்டால் அந்த கேஜ் சொல்வதை நம்ப முடியாது. உள்ளே பந்து சுழன்று திறக்கும் பால் வால்வுகளைப் பாதி திறந்து விடுங்கள். முழுக்க மூடினாலும் முழுக்கத் திறந்தாலும் பந்துக்குள்ளும் சுற்றியும் கொஞ்சம் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். பனி உறையும் இடங்களில் வால்வு பிளப்பது அப்படித்தான்.

உங்கள் வாஷர்கள் வெடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். இறுக்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டது ஒன்று, எண்ணெய் பட்டது இன்னொன்று. ஃபில்டர் மூடியைத் தளர்த்தி வைத்தால் ஓரிங் என்ற ரப்பர் வளையம் அழுந்தாமல் இருக்கும். குழாய்களை இணைக்கும் கப்ளர்களின் ரப்பர்களைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத பையில், மடிக்காமல் வையுங்கள். மோட்டாரும் வெல்டிங் மெஷினும் இருக்கிற இடத்தில் மின்பொறியால் ஓசோன் உண்டாகும், அது ரப்பரை வெடிக்க வைக்கும், எனவே அங்கே வேண்டாம். வழுக்கலுக்காக கிரீஸோ டீசலோ தடவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஈபிடிஎம் ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி, மென்மையாகிக் கெட்டுவிடும். நைட்ரைல் ரப்பர் அதைத் தாங்கும். ஆனால் கையில் இருப்பது எந்த ரப்பர் என்று பார்த்துச் சொல்வது கடினம் என்பதால், எல்லாவற்றுக்கும் சிலிகான் கிரீஸ் அல்லது சோப்புத் தண்ணீர் பயன்படுத்துவது பாதுகாப்பு.

தெளிப்பான்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தலைகளை அழுத்தமான தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். அடித்துச் சுற்றும் வகைத் தலைகளின் பேரிங்குக்கு எண்ணெய் விடாதீர்கள். அதற்குத் தண்ணீரே வழுக்கல், எண்ணெய் விட்டால் மணலைப் பிடித்து வைத்துத் தேய்க்கும். நாசில் ஓட்டையைக் கம்பியால் குத்தாமல் மரக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, நாசிலில் குறித்த அளவுள்ள டிரில் பிட்டின் மழுங்கிய பக்கத்தை உள்ளே விடுங்கள். லொடலொடவென்று ஆடினால் மாற்ற வேண்டியதுதான். ஓட்டையின் விட்டம் 5 சதவீதம் கூடினாலே ஓட்டம் 10 சதவீதம் கூடும், பம்ப் அதே பம்ப் என்பதால் அழுத்தம் விழுந்து கடைசித் தலைகள் சுற்றாது. குழாய்களைச் சற்றுச் சாய்வாக அடுக்கி, முனைகளை வலையால் மூடுங்கள், குளவி மண்கூடு கட்டாது. அலுமினியக் குழாய் வைத்திருப்பவர்கள் உர நீர் போன பிறகு கட்டாயம் வெறும் தண்ணீர் ஓட்டியிருக்க வேண்டும். அதன் மேல் உர மூட்டையைச் சாய்த்து வைக்கவும் கூடாது.

பம்புக்கு வருவோம். பம்ப் சுற்ற மறுக்கிறது என்றால், உள்ளே நின்ற தண்ணீரால் இம்பெல்லருக்கும் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) உறைக்கும் இடையே துரு பிடித்திருக்கிறது என்பதே முதல் சந்தேகம். தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கிளாண்ட் கயிறு காய்ந்து இறுகியிருக்கலாம், கயிறுக்குப் பதில் மெக்கானிக்கல் சீல் இருந்தால் அதன் இரு முகங்கள் ஒட்டியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் முதலில் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்றாத பம்பை இயந்திரத்தைக் கொண்டு உடைத்துச் சுற்ற வைக்காதீர்கள். மின்மோட்டார் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சுற்ற முடியாமல் நிற்கிற மோட்டார் வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும், சில நிமிடங்களில் சுருள் எரிந்துவிடும். சேமிக்கும்போது பம்ப் உறையின் அடி பிளக்கைத் திறந்து வடித்து, பிளக்கைத் தொலைக்காமல் பம்பிலேயே கட்டி வையுங்கள். கிளாண்டைத் தளர்த்துங்கள். மாதம் ஒருமுறை தண்டைக் கையால் சில சுற்று சுற்றுங்கள். உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வைக் கழுவி, அதன் மடல் சரியாக அமர்கிறதா என்று தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். திரும்ப ஓட்டும்போது கிளாண்டிலிருந்து கொஞ்சம் சொட்டுவது நல்லது, கயிற்றைக் குளிர்விப்பது அந்தத் தண்ணீர்தான். மெக்கானிக்கல் சீல் மட்டும் சொட்டவே கூடாது, அதைத் தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஓட்டவும் கூடாது.

டீசல் எஞ்சினில் எண்ணெயைச் சேமிக்கும் முன் மாற்றுங்கள். அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று பழைய எண்ணெயோடு விடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. பழைய எண்ணெயில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், அது பேரிங்கை மாதக்கணக்கில் அரிக்கும். புது எண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டினால் எல்லா இடத்திலும் பரவும். டேங்கின் அடியில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டு டீசலை நிரப்பி வையுங்கள், வெற்றிடம் குறைந்தால் உள்ளே வியர்க்கிற ஈரமும் குறையும். பெட்ரோல் எஞ்சினுக்கு இது நேர் எதிர்: கார்புரேட்டரில் நிற்கிற பெட்ரோல் சில மாதங்களில் பிசினாகிவிடும், அதை வடித்தோ, ஓடி நிற்கிற வரை ஓட்டியோ தீர்த்துவிட வேண்டும். தண்ணீரால் குளிர்கிற எஞ்சினாக இருந்தால் அந்தத் தண்ணீரையும் வடியுங்கள். சைலன்சர் வாயையும் காற்றுக் குழலையும் துணியால் அடைத்து, அடைத்திருப்பதாகப் பெரிய சீட்டு ஒட்டுங்கள். பேட்டரி இருந்தால் முழுதாக சார்ஜ் செய்து இணைப்பைக் கழற்றுங்கள், வெறுமையாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து மீளாது. மின்மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி இவற்றின் உட்பகுதி என் வேலைக்கு வெளியே. கம்பி நுழையும் துளைகளை அடைத்து வையுங்கள், பல்லியும் எலியும் உள்ளே போகாது. நீண்ட ஓய்வுக்குப் பிறகு ஒரு மின்பணியாளரைக் கொண்டு மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்சுலேஷன் 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் உலர்த்தாமல் ஓட்டக் கூடாது. நீர்மூழ்கி மோட்டார் வைத்திருப்பவர்கள் கழற்ற வேண்டியதில்லை, சில வாரங்களுக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் ஓட்டினாலே பிடித்துக்கொள்ளாமல் இருக்கும்.

பனி உறையும் ஊர்க்காரர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். பம்ப், ஃபில்டர், வால்வு, ஸ்டாண்ட் குழாய் எதிலும் அது நிற்கக் கூடாது. பாலிஎத்திலீன் குழாய் ஓரளவு விரிந்து கொடுக்கும், வார்ப்பிரும்பும் பிவிசியும் கொடுக்காது.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இப்போது இருக்கிற தகரக் கொட்டகை போதும். தரையிலிருந்து எல்லாவற்றையும் தூக்கி வைக்கத் தாங்கிகள் அடியுங்கள், காற்றோட்டத்துக்கு மேல்புறம் வலையடித்த திறப்பு வையுங்கள், உரத்தையும் ரசாயனத்தையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். உர மூட்டைகளின் ஈரமும் ஆவியும் இரும்பையும் பித்தளையையும் அரிக்கும். புதிதாகக் கட்டுகிற காசில் ஒரு நல்ல ஃபில்டர், இரண்டு பிரஷர் கேஜ், ஒரு தண்ணீர்ப் பரிசோதனை எல்லாம் முடிந்துவிடும், அவற்றால் உங்களுக்குப் பலன் அதிகம்.

அடுத்த பருவத்தில் பொருத்தும்போது எண்ட் கேப்புகளைத் திறந்தே வைத்து, மெயின், சப் மெயின், பக்கக் குழாய் என்று அதே வரிசையில் அலசிய பிறகுதான் மூட வேண்டும். முதல் ஓட்டத்தில் வருகிற தூசியும் செத்த பூச்சியும் டிரிப்பருக்குள் போகக் கூடாது. அப்புறம் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு, மொத்த ஓட்டம் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்கள் இருந்தால் பருவம் முழுக்க அமைப்பு உங்களோடு பேசும். அழுத்தம் குறைந்து ஓட்டம் கூடினால் எங்கோ கசிவு. அழுத்தம் கூடி ஓட்டம் குறைந்தால் டிரிப்பர் அடைகிறது. ஃபில்டரின் இரு பக்க வித்தியாசம், சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 0.5 பார் அளவுக்குக் கூடினால் கழுவ வேண்டும்.

கடைசியாக, இந்த வருடம் அடைத்துப்போன குழாய்கள். தூக்கிப் போடுவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். ஒரு வரிசையை மாட்டி, தொடக்கம், நடு, கடைசி என்று பதினாறு இடங்களில் டிரிப்பருக்கு அடியில் ஒரு நிமிடம் தண்ணீர் பிடியுங்கள். மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர் என்றால் நிமிடத்துக்கு 67 மில்லிலிட்டர், 2 லிட்டர் டிரிப்பர் என்றால் 33 வர வேண்டும். மிகக் குறைவான நான்கின் சராசரியை எல்லாவற்றின் சராசரியால் வகுத்துப் பாருங்கள். 0.9க்கு மேல் இருந்தால் மிக நல்ல நிலை, 0.7க்குக் கீழே போனால் அந்த வரிசையில் பயிர் சீராக வளராது. குறைவாக வந்தவற்றில் ஒன்றை அறுத்துப் பார்த்து, சுண்ணாம்பு என்றால் ஆசிட் ஊறலுக்குப் பிறகு மறுபடி அளந்து முடிவு செய்யுங்கள், நிறைய மீண்டு வரும். குழாயின் வெளியே குத்திச் செருகிய டிரிப்பர்கள் என்றால் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். உள்ளேயே பதித்த வகையில் களிமண் இறுகியிருந்தால் நம்பிக்கை குறைவு, மெல்லிய டேப்பாக இருந்தால் நேரத்தைச் செலவிட வேண்டாம். எலி கடித்த குழாயை, கடி ஒன்றிரண்டு இடத்தில் என்றால் அறுத்து ஜாயினர் போடுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு கடி என்றால் அதை உடைத்து, நல்ல துண்டுகளை இணைப்புக் குழாயாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாயாக இருந்தாலும் ஒரு முறை மடித்துப் பாருங்கள், மடித்த இடத்தில் விரிசல் விட்டால் அதன் ஆயுள் முடிந்தது. கழித்த குழாயை வயலிலேயே எரிக்காமல், உழவில் மண்ணோடு கலக்க விடாமல், மண்ணைத் தட்டிக் கட்டி பிளாஸ்டிக் பழைய பொருள் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். சுத்தமான பாலிஎத்திலீனை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.